கைப்பேசிக்குள் போன தாலாட்டு

கடல் தாண்டி இருக்கிற அந்தப் பெரிய கம்பெனி தன் புதுக் கைப்பேசியை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய சாயங்காலத்தில், ஒட்டிவாக்கத்துப் பெண்கள் விடுதியின் சாப்பாட்டுக்கூடத்தில், பகல் ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் எல்லோரும் எலுமிச்சைச் சாதத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் கூடியிருந்தார்கள். அந்தக் கைப்பேசிக்குத் திருகாணி முடுக்கியதும், கண்ணாடி பதித்ததும், துடைத்துப் பெட்டியில் வைத்ததும் அவர்கள் கைகள்தான் என்றாலும், அதற்கு என்ன பெயர், அது என்னவெல்லாம் செய்யும் என்று அவர்களுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

"பெத்தது நாம, பேரு வைக்கிறது அவங்க" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

மேடையில் ஒரு மனிதர் வந்தார், நடந்தார், கையை விரித்தார், இதுவரை இப்படி ஒன்று வந்ததே இல்லை என்று சொன்னார், பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தக் கைப்பேசியை எடுத்து உள்ளங்கையில் வைத்து விரலால் தொட்டார். தொட்டதும் அது பாடியது. ஒரு பெண்ணின் குரலில், தமிழில், அதுவும் தெற்கத்தித் தமிழில், தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி பாடியது.

"கம்மாக் கரையோரம் காத்தாடும் நாணலுக்கு
யாரு தொட்டில் கட்டினா, எம்மகனே கண்ணுறங்கு.
ஒறங்காத மீனுக்கும் ஓடையில இடமிருக்கு
ஒனக்கு எம்மடியிருக்கு, ஒத்தமகனே கண்ணுறங்கு."

மேடையில் நின்றவர் நின்ற இடத்திலேயே கொட்டாவி விட்டு உட்கார்ந்தார், எதிரே கோட்டும் சூட்டுமாக இருந்த பெரிய கூட்டம் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தது, படம் பிடித்தவரும் தூங்கிவிட்டார் போலிருக்கிறது, டிவியில் வெகுநேரம் வெறும் கூரை மட்டுமே தெரிந்தது. ஒட்டிவாக்கத்திலும் அப்படியே ஆயிற்று. சாதத்தில் வைத்த கை சாதத்திலேயே இருக்க, பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, பல நாள் வேலைக் களைப்பெல்லாம் தீரும்படி தூங்கினார்கள்.

தூங்காதவர்கள் இரண்டு பேர். சுவரோரம் உட்கார்ந்திருந்த இசக்கி ஒருத்தி. அவளுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த அஞ்சலை இன்னொருத்தி. தூங்குகிற தலைகளுக்கு மேலாக அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடியது யார் குரல் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. முதலில் கண்ணைத் தாழ்த்தியது அஞ்சலைதான்.

அஞ்சலை அவர்களுடைய லைன் லீடர். விழுப்புரத்துப் பக்கத்துக்காரி, புருஷனோடு விடுதிக்குப் பின் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தாள், கெட்டவள் என்று அவளை யாரும் சொல்ல மாட்டார்கள். இசக்கி சாத்தான்குளத்துக்குத் தெற்கே பனைவிளையிலிருந்து வந்தவள். லாரிக்குப் போன புருஷன் திரும்பி வராததால், பால்குடி மறக்காத மகனை அண்ணன் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு ரயிலேறியவள். கைப்பேசியின் மைக் சரியாகக் கேட்கிறதா என்று சோதிக்கிற மேசையில் அவளைப் போட்டிருந்தார்கள். அவளுக்கே தெரியாமல் அவள் வாய் முணுமுணுக்கும். பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கிற நேரத்தில் அந்த முணுமுணுப்பு பாட்டாகிவிடும். பாட்டு மைக்கில் விழ, நல்ல கைப்பேசிகளெல்லாம் தேறாதவை என்று ஒதுக்கப்பட்டன.

மேலாளர் அஞ்சலையைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். வாங்கிய சத்தத்தை வைத்துக்கொள்ள முடியாத கோபத்தில் அஞ்சலை விறுவிறுவென்று லைனுக்கு வந்து, எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்.

"பெத்த புள்ளைய விட்டுட்டு வந்தவளுக்குப் பாட்டு ஒண்ணுதான் கேடா?"

கன்வேயர் ஓடிக்கொண்டே இருந்தது. இசக்கி எச்சிலை விழுங்குவதுபோல் ஒருமுறை விழுங்கினாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் மேசையில் ஒரு கைப்பேசிகூட ஒதுக்கப்படவில்லை. மேலாளர் அஞ்சலையைப் பாராட்டினார்.

அன்றிலிருந்து, சாயங்காலம் பனைவிளையிலிருந்து மதினி மாடத்தி கூப்பிட்டுப் பிள்ளையின் காதில் போனை வைக்கும்போது, இசக்கி வாயைத் திறந்தால் காற்று வந்தது, பாட்டு வரவில்லை. பேச்சு வந்தது, திட்டக்கூட முடிந்தது, பாட்டு மட்டும் போன இடம் தெரியவில்லை. இதை விடுதிப் பெண்கள் அஞ்சலையிடம் சொல்லியிருந்தார்கள். தொண்டை கட்டியிருக்கும், வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள் என்று அவள் சொல்லியிருந்தாள்.

பாட்டு போன இடம் இப்போது உலகத்துக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் ஒட்டிவாக்கம் எழுந்தபோது யாரும் அதிசயப்படவில்லை. நெடுஞ்சாலை வந்தபோது ஊர் எப்படி எடுத்துக்கொண்டதோ, ஏரியைத் தூர்த்துக் கம்பெனி வந்தபோது எப்படி எடுத்துக்கொண்டதோ, அப்படியே இதையும் எடுத்துக்கொண்டது. புதுக் கைப்பேசி வாங்க வசதி யாருக்கு இருந்தது, அறிமுகக் கூட்டத்து வீடியோவைத் தங்கள் பழைய போனில் இறக்கிவைத்துக்கொண்டார்கள், அதற்கும் அதே குணம் இருந்தது. தடுப்பூசி போடுகிற நர்ஸ் அதை ஓடவிட்டுக் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு ஊசி போட்டாள், தானும் கூடவே தூங்காமலிருக்கக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். ஷேர் ஆட்டோக்காரர்கள் கூடிப் பேசி, வண்டியில் அந்தப் பாட்டைப் போடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். பல் பிடுங்குகிற டாக்டர் மரத்துப்போகும் ஊசியை நிறுத்தினார். கல்யாண மண்டபத்தில் பந்திக்குச் சண்டை வந்தபோது யாரோ ஒருவர் புத்திசாலித்தனமாகப் பாட்டைப் போட, இரண்டு வீட்டாரும் இலைக்கு முன்னால் தூங்கி எழுந்து, எதற்குச் சண்டை என்பதை மறந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. முதலில் கோளாறு என்று அறிக்கை விட்டது, விற்பனை கூடியதும் அது ஒரு வசதி என்று மாற்றிச் சொன்னது. அறிந்தவர்கள் கைப்பேசியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள், பாட்டு உள்ளே எங்கேயும் இல்லை, ஆனால் மூடினால் பாடியது.

ஆனால் எல்லோருக்குமே தூக்கம் வந்துவிடவில்லை. இது மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. பாட்டுக் கேட்டும் தூங்காத சிலர் ஊரில் இருந்தார்கள், அவர்கள் யார் யார் என்று பார்த்தபோது, யாருக்காவது ஏதாவது செய்துவிட்டு அதை மனசுக்குள் வைத்துக்கொண்டிருப்பவர்களாக இருந்தார்கள். விடுதிக் கட்டிடத்துக்காரர் தணிகாசலம், தம்பி வீட்டுக்குப் போகிற சந்துப் பாதையை மறித்துச் சுவர் எழுப்பியவர், ஏழெட்டு முறை கேட்டும் கண்மூடாமல், ஒரு விடியற்காலையில் தானே கடப்பாறையை எடுத்துச் சுவரை இடிக்கத் தொடங்கினார். சத்தம் கேட்டு வெளியே வந்த தம்பி ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் இன்னொரு கடப்பாறையை எடுத்துவந்தான்.

அது தெரிந்த பிறகு ஊரில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. பாட்டு எங்கே கேட்டாலும் மனிதர்கள் சட்டென்று கண்ணை மூடிக் குறட்டை விட்டார்கள். தூங்காதவன் என்று பேர் வாங்க யாருக்குத்தான் விருப்பம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பொய்யாகத் தூங்குவார், அவர் தூங்குகிறாரா என்று பார்ப்பவரும் ஒரு கண்ணை மட்டும் மூடியிருப்பார். பள்ளிக்கூடத்துத் தெருவில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் தினமும் பாட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டார்கள். ஒருநாள் காபி ஆற்றும்போது அவள், "மீன் ஒறங்காதுன்னு ஏன் பாடுறா?" என்றாள். அவன், "மீனுக்கு இமை கிடையாது" என்றான். பாட்டின் முதல் வரியிலேயே தூங்கிவிடுகிறவர்களுக்கு மீன் வருவது தெரியாது. காபி ஆறிப்போகும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும், அதன் பிறகு வெகுநேரம் பேசினார்கள் என்றும், என்ன பேசினார்கள் என்று தெரியாது என்றும் ஊரில் சொன்னார்கள்.

அஞ்சலையும் குறட்டை விடக் கற்றுக்கொண்டாள். புருஷன் பக்கத்தில் நிஜமாகவே தூங்குவான், அவள் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்பாள். கேட்கக் கேட்க, தான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் பாட்டுக்கு நடுவில் தன் குரலிலேயே வந்து விழும். கோபத்தில் சொன்னது, வேலைக்காகச் சொன்னது, எல்லோரும் சொல்வதுதான் என்று என்னென்னவோ சமாதானம் சொல்லிப் பார்த்தாள். எந்தச் சமாதானத்துக்கும் இமை கனக்கவில்லை.

அப்போது தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். குரல்காரியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார்கள், பரிசு கொடுக்கவா வேலையைவிட்டு அனுப்பவா என்று சொல்லவில்லை. லைன் லைனாகப் பெண்களை நிறுத்தி, ஒரு கருவியின் முன்னால் ஆளுக்கொரு வரி பாடச் சொன்னார்கள். வெட்கப்பட்டுச் சிலர் பாடினார்கள், சிரித்துக்கொண்டு சிலர் பாடினார்கள், சினிமாப் பாட்டே தெரிந்த ஒருத்தி அதையே பாடினாள். இசக்கியின் முறை வந்தது. அவள் வாயைத் திறந்தாள். கருவியில் ஒரு கோடுகூட அசையவில்லை.

"பாடும்மா" என்றார் வந்தவர்.

"பாடத்தான் செய்யுதேன் சார்."

"இந்தப் பொண்ணு இல்லை" என்று குறித்துக்கொண்டு அவர் அஞ்சலையைப் பார்த்தார். "உங்க லைன்ல பாடுற பழக்கம் உள்ளவங்க யாராவது இருந்தாங்களா?"

"இல்ல சார்" என்றாள் அஞ்சலை.

இசக்கியைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னதாக அவள் நினைத்தாள். வாசல்வரை போவதற்குள், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான் என்பது தெரிந்துவிட்டது. இருந்தாள் என்று சொன்னால், ஏன் நிறுத்தினாள் என்று அடுத்த கேள்வி வரும்.

சாயங்காலம் ஷிப்ட் பஸ் வந்து நிற்க, பெண்கள் ஏறி உட்கார, அஞ்சலை கடைசியாக ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். எல்லோரும் கேட்கும்படி சொன்னதை எல்லோரும் கேட்கும்படிதான் திரும்ப எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

"இசக்கி, அன்னிக்கு உன்ன நான் அப்படி சொல்லியிருக்கக் கூடாது. தப்பு. என்ன மன்னிச்சுடு."

இசக்கி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகத் திரும்பினாள்.

"நீங்க சொன்னது பொய்யா இருந்தா நான் அன்னைக்கே மறந்திருப்பேன்க்கா. நிசத்தைல்லா சொன்னீய. அதான் தொண்டைல நின்னுட்டு."

இசக்கியே தொடர்ந்தாள்.

"மதினி அந்த வீடியோவப் போட்டு அவனுக்குக் காட்டிருக்கா. ஊரே ஒறங்குது, அவன் மட்டும் ஒறங்கல. பாட்டு முடியறவரைக்கும் கேட்டுட்டு, போனுக்குப் பின்னாடி கையவிட்டுத் தேடுதானாம்."

அஞ்சலை அந்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு ரயிலேறினாள். இசக்கிக்கு விடுப்பு கிடைக்காது, விடுதியில் குழந்தையை வைத்துக்கொள்ள அனுமதியும் கிடையாது. தன் வீட்டில் ஒரு அறை இருந்தது, அப்போதுதான் நைட் ஷிப்டுக்கு மாறியிருந்த புருஷன் பகலில் வீட்டில் இருப்பான், பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டால் இசக்கி வேலை முடிந்ததும் வந்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். புருஷனிடம் சொன்னபோது அவன், "நமக்குத்தான் புள்ள இல்லியே, ஊட்ல ஒரு சத்தம் இருக்கட்டும்" என்றான். இசக்கியிடம் சொன்னபோது அவள் அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டாள், அப்புறம் உடனே விட்டுவிட்டு, "மதினிகிட்ட எப்படிச் சொல்லுவீய?" என்றாள். அந்தக் கேள்வியை அஞ்சலை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பனைவிளையில் மாடத்தி ஆடுகளை அடைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் பிள்ளை. நடக்கப் பழகுகிற வயசு, ஆனால் தரையில் விட்டதுபோல் தெரியவில்லை. அவனுக்காக முற்றத்துக் கல்லெல்லாம் பொறுக்கியெடுக்கப்பட்டிருந்தது. கிணற்றுச் சுவரை உயர்த்திக் கட்டியிருந்தார்கள், சிமெண்டின் ஈரம் இன்னும் காயவில்லை. வேப்பமரத்தில் தொட்டில் தொங்கியது, அதன் புடவை நைந்த பழசல்ல, மாடத்தியின் கல்யாணப் புடவை என்று அதன் ஜரிகை சொன்னது.

அஞ்சலை வந்த காரியத்தைச் சொன்னாள். மாடத்தி முழுக்கக் கேட்டாள்.

"பெத்தவ கேக்கா. குடுக்கமாட்டேன்னு சொல்ல நான் ஆரு?" என்றாள். பிறகு பிள்ளையைத் தரையில் விட்டுவிட்டு உள்ளே போய் அவன் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"நீங்களும் வாங்கக்கா" என்றாள் அஞ்சலை.

"ஆட்ட ஆரு பாப்பா? ஓங்க அண்ணனுக்கு ஒரு வா கஞ்சி ஆரு ஊத்துவா?"

அழமாட்டாளா என்று அஞ்சலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள், அழுதால் தேற்றலாம், தேற்றிவிட்டால் கொஞ்சம் இலேசாகப் போகலாம். மாடத்தி அழவில்லை. பஸ் வந்ததும் பிள்ளையை அஞ்சலையின் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாதவள்போல் முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றாள். பிள்ளை பஸ் ஜன்னல் வழியாக அவள் பக்கம் கையை நீட்டி நீட்டி அழுதது. திருநெல்வேலி வரும்வரை அழுதது. பக்கத்து இருக்கைக்காரர் இரக்கப்பட்டு அந்த வீடியோவைப் போட்டார், பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கினார்கள், பிள்ளையும் அஞ்சலையும் விழித்திருந்தார்கள்.

ஒட்டிவாக்கத்தில் இசக்கி வேலை முடிந்து ஓடிவந்து அஞ்சலை வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிள்ளையை வாங்கினாள். அவன் அவளைப் பார்த்துத் திமிறினான். முகம் அவனுக்கு மறந்துபோயிருந்தது. அவள் அவனைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் வாயைத் திறந்தாள், தொண்டையில் நின்றது கரகரவென்று உரசிக்கொண்டு மேலே ஏறியது, இருமினாள், கண்ணில் நீர் வந்தது, நீரோடு சேர்ந்து முதல் வரி வந்தது. பிள்ளை திமிறுவதை நிறுத்தினான். அவள் முதுகுக்குப் பின்னால் கையைவிட்டுத் தேடினான். ஆள் இருந்தாள். மூன்றாம் வரிக்குள் அவன் தலை அவள் தோளில் விழுந்தது.

அந்த நேரத்தில் உலகத்திலிருந்த அந்தக் கைப்பேசிகள் அத்தனையும் பாட்டை நிறுத்தின. வீடியோவிலும் பாட்டு இல்லை, மேடையில் அந்த மனிதர் கைப்பேசியைத் தொட்டுவிட்டுக் காரணமில்லாமல் உட்காருவதாக மட்டும் இருந்தது. நர்ஸ் காதிலிருந்து பஞ்சை எடுத்தாள், பல் டாக்டர் ஊசிக்கு ஆளனுப்பினார், கோளாறு சரிசெய்யப்பட்டது என்று கம்பெனி அறிக்கை விட்டது. சிலர் மட்டும் பழக்கத்தை விடமுடியாமல், ஒன்றும் கேட்காமலே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அஞ்சலை அடுப்படியில் உட்கார்ந்து வாசலில் வெளிச்சம் மங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நினைத்தது நடந்துவிட்டது. இனி தூக்கம் வரும் என்று சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். அப்போது போன் அடித்தது.

"நாந்தான், மாடத்தி. ஒறங்கிட்டானா?"

"தூங்கிட்டான்க்கா. அம்மா மடியிலயே தூங்கிட்டான்."

"சரி."

ஆனால் அவள் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஆடுகளின் சத்தம் கேட்டது. யாரோ தொட்டில் கயிற்றை அவிழ்ப்பதுபோல் கிளை முனகுவது கேட்டது. அஞ்சலையும் வைக்கவில்லை.

"வலப்பக்கமாப் படுத்தாத்தான் அவனுக்கு மூச்சு ஒழுங்கா வரும். எடப்பக்கம்னா மூக்கு அடைச்சிக்கிடும். எப்படிப் படுத்திருக்கான்?"

"வலப்பக்கம்தான்க்கா" என்றாள் அஞ்சலை, பார்க்காமலே.

சொன்ன பிறகு எழுந்து, போனைக் காதிலிருந்து எடுக்காமல், முன்னறைக்குப் போனாள். இசக்கி பாயில் பிள்ளையைக் கிடத்திவிட்டுப் பக்கத்திலேயே கண்ணயர்ந்திருந்தாள். பிள்ளை இடப்பக்கமாகப் படுத்திருந்தான், மூக்கு இலேசாக அடைத்துக் கீச்சிட்டது. அஞ்சலை மண்டியிட்டு, ஒரு கையால் அவன் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து, எழுந்துவிடாமல், மெல்ல மெல்ல வலப்பக்கம் புரட்டினாள். அவன் ஒருமுறை முனகினான். பிறகு மூச்சு சீரானது. அவள் போனை அவன் முகத்தருகே கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டாள், பனைவிளையில் மாடத்தி அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள், கை வலித்தபோதும் அஞ்சலை போனை எடுக்கவில்லை.